கியர் இல்லாத சைக்கிள்: பராமரிப்பும் மேம்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒற்றை வேக சைக்கிள் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இவற்றில் பெரும்பாலான வேலைகளை வீட்டு வாசலில் உட்கார்ந்தே செய்துவிடலாம். எதைக் கடையில் கொடுக்க வேண்டுமோ அதையும் சொல்லியிருக்கிறேன்.

எந்த மாதிரி சைக்கிளைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

இரண்டு வகை. ஒன்று, தாத்தா காலத்திலிருந்து ஓடுகிற 28 இஞ்ச் கறுப்பு சைக்கிள். ஹெர்குலிஸ், ஹீரோ, அட்லஸ், ராலே என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான்: கம்பி பிரேக் (ஒயருக்குப் பதில் இரும்புக் கம்பிகளால் இயங்குவது), காட்டர் பின் (ஆப்பு போன்ற சிறு பின்) போட்ட கிராங்க் (பெடல் மாட்டும் தண்டு), இரும்பு ரிம். இன்னொன்று, 700சி சக்கரமும் மெல்லிய டயரும் போட்டு, கியர் மட்டும் இல்லாமல் வருகிற ரோடு சைக்கிள். செயின், ஃப்ரீவீல் (மிதிக்காதபோது தனியாகச் சுற்றும் பின்பல்சக்கரம்), பேரிங் விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே பதில்தான். பிரேக், சக்கரம் என்று வரும்போது பிரித்துச் சொல்கிறேன்.

கியரே இல்லை, அப்புறம் என்ன பராமரிப்பு?

பாகம் குறைவு என்பதால் வேலையும் குறைவு, உண்மைதான். ஆனால் இருக்கிற ஒரே செயின், ஒரே பின்பல் இரண்டும் எல்லாப் பாரத்தையும் எப்போதும் தாங்குகின்றன. மேட்டில் நின்று மிதிக்கும்போது கியர் சைக்கிளைவிட இங்கே செயினில் விழும் இழுப்பு அதிகம். அதனால் நான்கு விஷயங்களை விடவே கூடாது: செயின் இழுவை, பின்சக்கர நட், பிரேக் கட்டை, டயர் காற்று. வாரம் ஒரு தடவை வண்டியை எடுக்கும் முன் இந்த நான்கையும் தொட்டுப் பார்த்தால் போதும், ஐந்து நிமிட வேலை. செயினைத் துடைத்து எண்ணெய் விடுவது மாதம் ஒரு முறை. பேரிங்குகளைப் பிரித்துப் பார்ப்பது, கடைக்காரர்கள் 'ஓவராயில்' என்கிற வேலை, வருடத்துக்கு ஒரு தடவை. மழைக்காலம் முடிந்த கையோடு தை மாதத்தில் அதைச் செய்துவிடுவது நல்லது, ஏனென்றால் உள்ளே போன தண்ணீர் அடுத்த மழை வரைக்கும் அங்கேயே நின்று துருவாக்கிவிடும்.

செயின் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

செயின் வீலுக்கும் (முன்னால் உள்ள பல்சக்கரம்) ஃப்ரீவீலுக்கும் நட்டநடுவில் விரலை வைத்து மேலே தூக்கி, கீழே அழுத்திப் பாருங்கள். மொத்தம் சுமார் அரை இஞ்ச், அதாவது 12 மி.மீ. ஆட வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் குழியில் இறங்கும்போது கழன்று விழும். அதற்குக் கீழே இறுக்கினால் ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதி) பேரிங்கும் கிராங்க் பேரிங்கும் சீக்கிரம் தேய்ந்துபோகும், மிதிக்கவும் கனமாக இருக்கும். செயின் கம்பி மாதிரி விறைத்து நின்றால்தான் சக்தி வீணாகாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. செயின் வீல் முழு வட்டமாக இருப்பதில்லை, கொஞ்சம் மையம் தள்ளித்தான் இருக்கும். அதனால் பெடலை மெதுவாகச் சுற்றினால் ஓரிடத்தில் செயின் இறுகும், இன்னோரிடத்தில் தொங்கும். எந்த இடத்தில் அதிகமாக இறுகுகிறதோ அங்கே நிறுத்தி அந்த அரை இஞ்சை வையுங்கள். தொங்குகிற இடத்தில் வைத்து அளந்தால் இறுகுகிற இடத்தில் பேரிங்கை நெரிக்கும். உங்கள் செயின் வீல் ஐந்து போல்ட்டில் மாட்டியதாக இருந்தால் அந்த போல்ட்டுகளை லேசாகத் தளர்த்தி, செயின் இறுகும் இடத்தில் மெதுவாகத் தட்டி, மையத்துக்குக் கொண்டுவந்து மறுபடி முடுக்கலாம். ரிவெட் அடித்த செயின் வீலில் அதற்கு வழியில்லை, உள்ளதை வைத்து ஓட்ட வேண்டியதுதான்.

சரி, பின்சக்கரத்தை நகர்த்தி இழுவை வைப்பது எப்படி?

இரண்டு பக்கமும் 15 ஸ்பானரால் நட்டைத் தளர்த்துங்கள். செயின் அட்ஜஸ்டர் இருந்தால் இரண்டு பக்கமும் சம அளவு திருகுங்கள், வேலை எளிது. இல்லையென்றால் சக்கரத்தைக் கையால் பின்னால் இழுத்து, செயின் பக்கத்து நட்டைப் பாதி முடுக்குங்கள். பிறகு டயர் நடுவில் வரும்படி சக்கரத்தை இடமோ வலமோ தள்ளி, பின்சக்கரத்தின் இரு பக்கமும் வரும் கீழ்க்குழாய்கள் இரண்டுக்கும் டயருக்கும் நடுவே உள்ள இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்த்து, இடது நட்டை முடுக்குங்கள். கடைசியில் இரண்டையும் மாற்றி மாற்றி நன்றாக முடுக்க வேண்டும். நீங்கள் மிதிக்கும் விசை சக்கரத்தின் வலது பக்கத்தை முன்னால் இழுக்கும் என்பதால் செயின் பக்கத்து நட்டில் கஞ்சத்தனம் கூடாது. பல் வெட்டிய வாஷர் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் மாற்றுங்கள், அது இல்லாமல் எவ்வளவு முடுக்கினாலும் சக்கரம் நகரும்.

பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டுகிற இந்த ஒரு வேலையையாவது நீங்களே கற்றுக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். இது தெரிந்தால் பஞ்சர், செயின், ஃப்ரீவீல், சக்கரக் கோட்டம் எல்லாமே உங்கள் கைக்கு வந்துவிடும்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு ஸ்கேல் போதும். செயினின் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அரை இஞ்ச். எனவே 24 இடைவெளிகள் சேர்ந்தால் சரியாக 12 இஞ்ச், 304.8 மி.மீ. வர வேண்டும். ஒரு பின்னின் மையத்தில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்து, செயினை இழுத்துப் பிடித்து அளந்து பாருங்கள். 306 மி.மீ. தாண்டிவிட்டால் புதுச் செயின் வாங்கத் தயாராகுங்கள். 308 வரை விட்டுவிட்டால் பின்பல்லும் சேர்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயின் போட்டாலும் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும், அப்போது ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்றத்தான் வேண்டும். செயின் விலை குறைவு, செயின் வீல் விலை அதிகம். முதலாவதை நேரத்துக்கு மாற்றினால் இரண்டாவது பல வருடம் நிற்கும்.

வாங்கும்போது அகலத்தைக் கவனியுங்கள். ஒற்றை வேகச் செயின் 1/8 இஞ்ச், கியர் சைக்கிள் செயின் 3/32 இஞ்ச். அகலச் செயின் மெல்லிய பல்லில் ஓடும், மெல்லிய செயின் அகலமான பல்லில் உட்காராது.

இணைப்பில் ஸ்ப்ரிங் கிளிப் இருந்தால் அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். மேல்பக்கச் செயினில் பார்த்தால் மூடிய பக்கம் வண்டியின் முன்னாலும் பிளந்த பக்கம் பின்னாலும் இருக்கும். மாற்றி மாட்டினால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும்.

என்ன எண்ணெய் விடலாம்? வீட்டில் தேங்காய் எண்ணெய்தான் இருக்கிறது.

வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், மார்கழிக் காலையில் செயினில் வெள்ளையாக நிற்கும், வெயிலில் உருகித் தூசியைப் பிடித்துப் பிசுபிசுப்பாகும். வண்டிக் கடையில் சும்மா கிடைக்கிற பழைய இன்ஜின் ஆயிலும் வேண்டாம், அதில் கரியும் இரும்புத் துகளும் கலந்திருக்கும். டபிள்யூ.டி.-40 துருவை இளக்கவும் ஈரத்தை விரட்டவும் நல்லது, ஆனால் அந்த சாதாரண ஸ்ப்ரே செயினில் நீண்ட நாள் நிற்காது. செயினுக்கென்றே விற்கும் எண்ணெய் வாங்குங்கள். கிடைக்காத ஊரில் புது இன்ஜின் ஆயில் கொஞ்சம் போதும்.

விடுகிற முறைதான் முக்கியம். முதலில் மண்ணெண்ணெய் அல்லது டீசல் நனைத்த துணியால் செயினைத் துடைத்து உலரவிடுங்கள். பிறகு ஒவ்வொரு உருளையிலும் ஒரே ஒரு சொட்டு. பெடலைப் பத்து முறை பின்னால் சுற்றுங்கள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே தெரிகிற எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உருளைக்குள்ளேதான், வெளியே இருப்பது மண்ணைப் பிடிக்கிறதே தவிர வேறு பயனில்லை.

செயின் அடிக்கடி கழன்று விழுகிறது. இறுக்கியும் பயனில்லை.

அப்படியென்றால் நேர்க்கோடு சரியில்லை. பின்னாலிருந்து கண்ணைச் செயின் மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். செயின் வீலும் ஃப்ரீவீலும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மி.மீ. பரவாயில்லை, ஐந்து மி.மீ. தள்ளியிருந்தால் செயின் உறுமும், பல் ஓரமாகத் தேயும், கழலும். கிராங்கின் உள் அச்சு நீளம் மாறியிருப்பது, ஃப்ரீவீல் மாற்றியபோது வாஷரை விட்டது, செயின் வீல் வளைந்தது, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். வளைந்த செயின் வீலை ஸ்பானர் வாயில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நேராக்க முடியும், இரும்பாக இருந்தால் மட்டும். அலுமினியமாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஒரு சத்தம். என்ன அது?

காட்டர் பின் போட்ட சைக்கிள் என்றால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரு கிராங்கைக் கையால் பிடித்துக்கொண்டு இன்னொன்றை ஆட்டிப் பாருங்கள். தனியாக ஆடினால் பின் தளர்ந்திருக்கிறது. பலர் செய்வது அதன் நட்டை இன்னும் முடுக்குவது. அந்த நட் பின்னை இழுத்து உட்கார வைப்பதற்கானது அல்ல, உட்கார்ந்த பின் நகராமல் பிடிப்பதற்கானது. முடுக்க முடுக்க மரைதான் போகும். கிராங்கின் அடியில் குழாய்த்துண்டையோ கட்டையையோ முட்டுக்கொடுத்து, பின்னைச் சுத்தியலால் உறுதியாக அடித்து இறக்கி, அதற்குப் பிறகு நட்டை முடுக்க வேண்டும். முட்டுக்கொடுக்காமல் அடித்தால் அடி முழுக்க உள்ளே இருக்கும் பால்ஸில் (பேரிங் குண்டுகளில்) இறங்கும். இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பெடல்கள் ஒரே கோட்டில் நிற்காது. தளர்ந்த பின்னோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் கிராங்கின் துளை அகன்று புதுப் பின்னும் நிற்காமல் போகும். அதனால் அன்றைக்கே பாருங்கள்.

காட்டர் சரியாக இருந்தால் பெடல் அச்சு, கிராங்க் கப் (கிராங்க் அச்சின் பேரிங்கைத் தாங்கும் கிண்ணம்), செயின் வீல் போல்ட் என்று வரிசையாகப் போகலாம். சீட்டிலிருந்து வரும் சத்தமும் கிராங்கிலிருந்து வருவது போலவே கேட்கும். நின்று மிதித்துப் பாருங்கள், சத்தம் நின்றால் சீட்தான்.

பெடலும் கிராங்க் கப்பும் எந்தப் பக்கம் திரும்பும்? எனக்கு எப்போதும் குழப்பம்.

வலது பெடலில் வழக்கமான மரை, இடது பெடலில் இடது மரை. ஸ்பானரைப் பெடல் அச்சில் மேல் நோக்கி மாட்டி, வண்டியின் பின்பக்கமாகத் திருப்பினால் இரண்டுமே கழலும், இது ஒன்றை நினைவில் வைத்தால் போதும். கிராங்க் கப்பில் இதற்கு நேர்மாறு: வலது கப்பில் இடது மரை, இடது கப்பில் வழக்கமான மரை. இந்த 1.37 இஞ்ச், 24 மரை அளவைத்தான் பி.எஸ்.ஏ. மரை என்கிறார்கள். பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த பி.எஸ்.ஏ. கம்பெனி சைக்கிள் பாகத்துக்கு வைத்த அளவு இன்றைக்கும் உலகம் முழுக்க ஓடுகிறது. ஆட்டம் எடுப்பது எப்போதும் இடது கப்பில்தான், வலது கப்பை அவசியமில்லாமல் தொடாதீர்கள்.

ஹப்பை நானே ஓவராயில் பண்ணலாமா?

தாராளமாக. கோனை (பால்ஸை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்) திருப்ப மெல்லிய கோன் ஸ்பானர் ஒன்று வேண்டும். ஒரு பக்கத்து நட்டையும் கோனையும் கழற்றி அச்சை உருவும்போது கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள், பால்ஸ் ஓடிவிடும். வழக்கமாகப் பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 கால் இஞ்ச் பால்ஸ், முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 பால்ஸ், அவை 3/16 இஞ்ச். உங்கள் வண்டியில் வேறாக இருக்கலாம், கழற்றும்போதே எண்ணிக் குறித்துக்கொண்டு, ஒரு பழைய பால்ஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். வாங்கினால் மொத்தமாக மாற்றுங்கள், பழையதோடு புதியதைக் கலந்தால் பெரிதாக இருக்கும் புதியவை மட்டும் பாரத்தைத் தாங்கி உடையும்.

கப்பையும் கோனையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஓடுபாதையில் நகத்தால் தடவிப் பாருங்கள். குழி தட்டுப்பட்டால் கோனை மாற்றுங்கள். பிறகு கிரீஸை நிறையவே வைத்து, பால்ஸை அடுக்கி மூடுங்கள். கடைசியில் கோனை வைக்கும் பதம்தான் கைப்பழக்கம்: சக்கரம் தங்குதடையின்றிச் சுற்ற வேண்டும், ரிம்மைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. மேல் நட்டை முடுக்கும்போது கோன் இன்னும் கொஞ்சம் இறுகும், அதனால் முதலில் ஒரு மயிரிழை லூஸாக விட்டு முடுக்குங்கள்.

ஃப்ரீவீல் சில நேரம் பிடிக்காமல் சும்மா சுற்றுகிறது.

உள்ளே இருக்கும் சிறு நாக்குகள் அழுக்கிலோ கெட்டியான கிரீஸிலோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஃப்ரீவீலுக்குள் கிரீஸ் அடைக்கக் கூடாது. சக்கரத்தைச் சாய்த்து, ஃப்ரீவீலின் சுற்றுவட்ட இடைவெளியில் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றிச் சுற்றிக் கழுவி, வடியவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் மாதிரி மெல்லிய எண்ணெய் சில சொட்டு விடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் வழுக்கினால் மாற்றுங்கள். ட்ராஃபிக்கில் நின்று மிதிக்கும்போது அது கைவிட்டால் முழங்கால் ஹேண்டில்பாரில் மோதும், விழுந்தும் விடுவீர்கள்.

கழற்றுவது கடை வேலை. நீங்கள் மிதிக்க மிதிக்க அது இறுகிக்கொண்டே வந்திருக்கும், சரியான கருவியும் வைஸும் இல்லாமல் முயன்றால் காடி உடையும். திரும்ப மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவச் சொல்லுங்கள்.

ஸ்போக்ஸ் கம்பி, கோட்டம்?

கம்பிகளை ஜோடி ஜோடியாக விரலால் நெரித்துப் பாருங்கள், எது தளர்வாக இருக்கிறது என்று கைக்கே தெரியும். ரிம் ஒரு பக்கம் போனால் அந்த இடத்தில் எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, இந்தப் பக்கத்தைக் கால் சுற்று தளர்த்துங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகாதீர்கள். மேலும் கீழுமாகத் துள்ளுகிற கோட்டம் வந்துவிட்டால் அனுபவசாலியிடம் கொடுத்துவிடலாம், அது கண்ணும் கையும் பழகிய வேலை. ஒற்றை வேக சைக்கிளின் பின்சக்கரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு: பல அடுக்குப் பல்சக்கரத்துக்கு இடம் விட வேண்டியதில்லை என்பதால் இரு பக்கக் கம்பிகளும் கிட்டத்தட்ட ஒரே சாய்வில் நிற்கும். ஒழுங்காகக் கட்டிய சக்கரம் கியர் சைக்கிள் சக்கரத்தைவிடப் பல மடங்கு உழைக்கும்.

காற்று எவ்வளவு?

டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. 700x28 டயருக்கு 70 கிலோ ஆள் என்றால் 80 பி.எஸ்.ஐ. பக்கம் வைத்துப் பாருங்கள், 28 இஞ்ச் தடித்த டயருக்கு 50 பக்கம். பின்னால் கொஞ்சம் அதிகம், முன்னால் கொஞ்சம் குறைவு. வால் டியூப் (சிறு ரப்பர் குழாய்) போட்ட பழைய வால்வில் மீட்டர் சரியாகக் காட்டாது, ரப்பர் காய்ந்தால் காற்றும் இறங்கும். மோட்டார்சைக்கிள் மாதிரி வால்வு வைத்த டியூப் வாங்கினால் பெட்ரோல் பங்க்கிலும் அடிக்கலாம், அளக்கவும் முடியும். பழைய ரிம்மில் உள்ள அதே துளையில் அது போகும். செலவு குறைவான மிக நல்ல மேம்பாடு இது.

கம்பி பிரேக் மழையில் நிற்கவே மாட்டேன் என்கிறது. மாற்ற முடியுமா?

குறை பிரேக்கில் பாதி, இரும்பு ரிம்மில் பாதி. குரோம் பூசிய இரும்பு நனைந்துவிட்டால் கட்டை வழுக்கும். உடனடியாகச் செய்யக்கூடியது: ரிம்மைத் துடைத்து எண்ணெய்ப் பசை எடுப்பது, காய்ந்து கல்லாகிவிட்ட கட்டைகளை மாற்றுவது, கம்பிகளின் மூட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஆட்டத்தை எடுப்பது. மழையில் ஓட்டும்போது நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்பே லேசாகப் பிடித்துத் தண்ணீரை வழித்துவிட்டு, பிறகு அழுத்திப் பிடியுங்கள்.

சாதாரண காலிப்பர் பிரேக்கை (ரிம்மின் இரு பக்கத்தையும் இடுக்கி போலப் பிடிப்பது) அந்த ரிம்மிலேயே மாட்டலாமா என்று கேட்பார்கள். முடியாது. கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மின் உள்முகத்தில், ஸ்போக்ஸ் கம்பிகள் இருக்கும் பக்கமாக அழுத்துகிறது. அதற்கென்றே வளைவாகச் செய்த ரிம் அது, காலிப்பர் பிடிக்கத் தட்டையான பக்கச்சுவர் அதில் இல்லை. எனவே பிரேக் மாற்றினால் ரிம்மும் மாற வேண்டும். அலுமினிய ரிம்மும் இரட்டைப் பிவட் காலிப்பரும் போட்டுவிட்டால் ஈரத்தில் நிற்கும் தூரம் கண்ணுக்குத் தெரியும்படி குறையும். இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவிடும் பணத்தை நான் எப்போதும் நியாயப்படுத்துவேன்.

28 இஞ்ச் வண்டியில் 700சி சக்கரம் போடலாமா?

போடலாம், பலர் செய்கிறார்கள். கணக்கைப் புரிந்துகொண்டு செய்யுங்கள். 28 x 1½ டயர் உட்காரும் ரிம் விட்டம் 635 மி.மீ. 700சி என்றால் 622. வித்தியாசம் 13 மி.மீ., ஆரத்தில் ஆறரை. அதாவது பிரேக் கட்டை இன்னும் ஆறரை மி.மீ. கீழே எட்ட வேண்டும். இந்த ஃப்ரேம்களில் பிரேக் துளையிலிருந்து ரிம் வரை ஏற்கெனவே தூரம் அதிகம், அதனால் குட்டைக் கை காலிப்பர் எட்டாது. துளையிலிருந்து ரிம்மின் பக்கச்சுவர் வரை அளந்துகொண்டு, டெக்ட்ரோ ஆர்559 போல 55 முதல் 73 மி.மீ. வரை எட்டும் நீளக் கை காலிப்பர் பொருந்துமா என்று பாருங்கள். சக்கரம் மாட்டும் இரு முனைகளுக்கு இடையே உள்ள அகலத்தையும் அளக்காமல் ஹப் வாங்காதீர்கள். டயர் 35 அல்லது 38 அகலத்தில் போட்டால் நம் ஊர்ச் சாலைக்கு ஏற்றபடி சொகுசும் இருக்கும், உயரமும் பெரிதாகக் குறையாது.

'28 இஞ்ச்' என்ற ஒரே எண்ணை வெவ்வேறு அளவுகளுக்கு எழுதுவார்கள். டயர் ஓரத்தில் 40-635, 28-622 என்று கோடு போட்டு இருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

எத்தனை பல்லுக்கு எத்தனை பல் நல்லது?

முன்பல்லைப் பின்பல்லால் வகுங்கள். 44-க்கு 16 என்றால் 2.75. 700x28 சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.136 மீட்டர், எனவே பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 5.87 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 28 கி.மீ. அதே 44-க்கு 18 போட்டால் ஒரு சுற்றுக்கு 5.22 மீட்டர், மணிக்கு 25 கி.மீ.

தஞ்சாவூர்ப் பக்கமோ யாழ்ப்பாணமோ ஈ.சி.ஆர். சாலையோ, சமதரை என்றால் 2.7 சுகமாக இருக்கும். ஆனால் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் உடுமலை, பல்லடம் பக்கம் மேற்கு நோக்கி ஓட்டிப் பாருங்கள், அந்த 2.7 மலை மாதிரி கனக்கும். பாலங்கள், மேடுகள், எதிர்க்காற்று எல்லாம் கலந்த வழியில் 2.4 போதும். வேகமாகச் சுற்றும் காலுக்கு முழங்கால் வலி வராது, பலமாக அழுத்தும் காலுக்கு வரும். அதனால் சந்தேகம் இருந்தால் லேசான பக்கமே சாயுங்கள்.

மாற்றுவதென்றால் பின்னால் மாற்றுங்கள். பின்னால் ஒரு பல் கூட்டினால் சுமார் 6 சதவீதம் லேசாகும், முன்னால் ஒரு பல் குறைத்தால் 2 சதவீதம்தான். பின்னால் ஒரு பல் கூட்டினால் சக்கரம் 3 மி.மீ. முன்னால் நகர வேண்டியிருக்கும், 16-லிருந்து 18-க்குப் போனால் 6 மி.மீ. சக்கர அச்சு உட்காரும் பிளவில் அந்த இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்தால் செயின் நீளத்தைத் தொடாமலே வேலை முடியும்.

ஃப்ரீவீலை எடுத்துவிட்டு ஃபிக்ஸட் ஆக்கலாமா?

ஃபிக்ஸட் என்றால் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சேர்ந்தே சுற்றும். அதற்கான ஹப் இருந்தால் மட்டும் மாற்றலாம். அந்த ஹப்பில் பல்லுக்கு மேலே இடது மரையில் ஒரு லாக் ரிங் இருக்கும், காலால் எதிர்த்து அழுத்தும்போது பல் கழலாமல் பிடிப்பது அதுதான். சாதாரண ஃப்ரீவீல் ஹப்பில் ஃபிக்ஸட் பல்லைத் திருகினால் எதிர்த்து அழுத்துகிற முதல் அவசரத்திலேயே கழன்று வரும். எப்படியானாலும் சாலையில் ஓட்டும் வண்டிக்கு முன்பிரேக் கட்டாயம் வேண்டும்.

கியர் சேர்த்துவிடலாமே?

டிரெய்லியர் கியர் (பல பல்சக்கரங்களுக்கு இடையே செயினைத் தள்ளி மாற்றுவது) போட ஃப்ரேமில் இடமும் கொக்கியும் இல்லை, ஒட்டுப்போட்டுச் செய்வதைவிட கியர் சைக்கிள் ஒன்றே வாங்கலாம். உண்மையாகவே தேவை என்றால் ஸ்டர்மி-ஆர்ச்சர் போன்ற மூன்று வேக ஹப் பொருத்தமானது. நடு கியர் இப்போது இருப்பது போலவே இருக்கும், கீழ் கியர் 25 சதவீதம் லேசு, மேல் கியர் 33 சதவீதம் கனம். செயின் நேர்க்கோடு மாறாது. ஆனால் சக்கரத்தை முழுக்கப் பிரித்துக் கட்ட வேண்டும்.

இதில் நீண்ட தூரம் போக முடியுமா?

முடியும். பிரெஞ்சு டூர் பந்தயத்திலேயே 1937 வரை டிரெய்லியர் கியருக்கு அனுமதி கிடையாது. மலை வந்தால் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி, மறுபக்கத்துப் பல்லில் செயினை மாட்டிக்கொண்டு ஏறினார்கள். இன்று நடக்கும் 200 கி.மீ. பி.ஆர்.எம். சவாரிக்கு (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சவாரி) நேரம் பதின்மூன்றரை மணி, சராசரி மணிக்கு 15 கி.மீ.க்கும் கீழே. சமதரை வழியில் ஒற்றை வேகம் அதற்குத் தாராளம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறத்தான் வேண்டும் என்றால் வேறு வண்டி எடுங்கள், இறங்கும்போது பிரேக்குக்கும் அது சோதனை.

கையில் பணம் கொஞ்சம்தான். எதில் ஆரம்பிக்க?

நிற்பதும் உருள்வதும் முதலில். பிரேக் கட்டை, பிரேக் ஒயர், அதற்கு அடுத்து நல்ல டயர். அப்புறம் பால்ஸ், கிரீஸ், செயின். அதற்கும் பிறகு உங்கள் வழிக்கேற்ற பின்பல். காட்டர் கிராங்கைச் சதுர முனை அச்சுக்கும் மூடிய பேரிங்குக்கும் மாற்றுவது அருமையான மேம்பாடு, தண்ணீர் போகாது, பின் தளராது. ஆனால் உங்கள் ஃப்ரேமின் கிராங்க் குழாய் 68 மி.மீ. அகலமா, பி.எஸ்.ஏ. மரையா என்று அளந்த பிறகே வாங்குங்கள். கலர் செயின், கலர் ரிம், எடை குறைந்த சீட் போஸ்ட், இவையெல்லாம் கடைசி. எடை குறைக்க ஆசை என்றால் இரும்பு ரிம்மை எடுப்பதில்தான் பெரிய வித்தியாசம் தெரியும்.

பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் துருப்பிடித்துக் கிடக்கிறது. அது தேறுமா?

நிச்சயம் தேறும். ஃப்ரேம் நேராக இருந்தால் மற்றதெல்லாம் பக்கத்துக் கடையில் கிடைக்கும் பாகங்கள்தான். டயர், டியூப், செயின், பிரேக் கட்டை மாற்றி, ஒரு முழு ஓவராயில் செய்யுங்கள், பள்ளியில் ஓட்டியதைவிட நன்றாக ஓடும். குரோம் மீதுள்ள துருவை, தண்ணீரில் நனைத்த அலுமினியத் தாளைக் கசக்கித் தேய்த்தால் எடுத்துவிடலாம். சீட்டின் உயரத்தைத் திருத்துவதையும் மறக்காதீர்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட்டைத் தாழ்வாக வைத்து முழங்காலை மடக்கி மடக்கி ஓட்டிவிட்டு வண்டி கனமாக இருக்கிறது என்பவர்கள் ஏராளம்.

கடற்கரை ஊரில் எல்லாமே துருப்பிடிக்கிறதே?

உப்புக் காற்றுக்கு மருந்து கழுவுவதும் துடைப்பதும்தான். நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவி, துணியால் துடைத்து, நட், போல்ட், கம்பித் தலைகளில் எண்ணெய்த் துணியை ஓட்டுங்கள். தண்ணீரைப் பீய்ச்சி ஹப்பில் அடிக்காதீர்கள். சீட் போஸ்ட்டையும் ஹேண்டில்பார் தண்டையும் வருடம் ஒரு முறை உருவி கிரீஸ் தடவுங்கள், இல்லையென்றால் ஃப்ரேமோடு ஒன்றாகிவிடும். மாட்டும்போது தண்டில் உள்ள குறைந்தபட்சக் கோடு வெளியே தெரியக் கூடாது.

எப்போது வண்டியைக் கைவிட வேண்டும்?

கிராங்க் குழாயைச் சுற்றியுள்ள இணைப்புகள், சீட் குழாயின் மேல் பிளவு, பின்முனைகள், ஃபோர்க்கின் தலைப்பகுதி, இந்த இடங்களில் பெயின்ட் முடி போல வெடித்துத் துரு கசிகிறதா என்று ஓவராயில் செய்யும்போதெல்லாம் துடைத்துப் பாருங்கள். இரும்பு ஃப்ரேமில் பின்முனை, கீழ்க்குழாய் விரிசலை நல்ல வெல்டர் சரி செய்வார். ஃபோர்க் வளைந்தாலோ விரிசல் விட்டாலோ வெல்டிங் வேண்டாம், புதிதாக வாங்கிப் போடுங்கள். உள்ளே துரு அரித்து, கட்டை விரலால் அழுத்தினால் குழாய் உள்வாங்கினால், சக்கரம், பிரேக், சீட் எல்லாவற்றையும் கழற்றி வேறொரு ஃப்ரேமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.